மாலுமிக்கு எச்சரிக்கை, மற்றவர்க்குத் தாலாட்டு

தூக்கம் வராத இரவு மிகவும் நீளமானது. படுக்கையில் புரண்டு புரண்டு படுத்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அத்தகைய இரவுகளுக்கு மனிதன் தொன்றுதொட்டுக் கைக்கொண்டு வந்த மருந்துகளுள் ஒன்று ஒலி. தொட்டில் குழந்தைக்குத் தாலாட்டு. சற்று வளர்ந்தால் பாட்டி சொல்லும் கதை. இசைத்தட்டு வந்த பிறகு மெல்லிசை, வானொலி வந்த பிறகு வானொலி. இன்றோ கைப்பேசியில் மழையோசையையும் அலையோசையையும் ஓடவிட்டுக் கண்ணை மூடுகிறோம்.

இவையெல்லாம் இனிமையான ஒலிகள். ஆகவே தூக்கம் வருவதில் வியப்பில்லை என்று தோன்றும். ஆனால், கடலில் எங்கே பெருங்காற்று வீசும், எங்கே மூடுபனி சூழும் என்று கூறும் வானிலை அறிக்கையைக் கேட்டுத் தூங்குவோர் உண்டு என்றால் நம்புவீர்களா? பிரிட்டனில் கடலையே தொழிலாகக் கொள்ளாத எத்தனையோ பேர், நள்ளிரவு கடந்து பி.பி.சி. வானொலி ஒலிபரப்பும் ‘கப்பல்களுக்கான வானிலை அறிக்கை’யைக் கேட்டபடியேதான் உறங்கப் போகிறார்கள். அதே குரலை, அதே நேரத்தில், வடகடலில் ஆடும் படகொன்றில் ஒரு மாலுமி காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். அவருக்கு அது உயிர் காக்கும் செய்தி.

ஒரே குரல் ஒருவரை விழிக்கச் செய்கிறது, மற்றொருவரை உறங்கச் செய்கிறது. இது எப்படி? இதற்கு விடை காண, அந்த அறிக்கை பிறந்த கதையையும் நம் மூளை உறங்கும் விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கப்பலின் முடிவு

1859-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து புறப்பட்ட ‘ராயல் சார்ட்டர்’ என்னும் கப்பல், இங்கிலாந்தின் லிவர்ப்பூல் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் வந்தவர்களில் பலர், ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் பாடுபட்டுச் சேர்த்த பொன்னோடு ஊர் திரும்பியவர்கள். பயணம் முடியச் சில மணி நேரமே இருந்தது.

அக்டோபர் 25-ஆம் நாள் இரவு கடும் புயல் எழுந்தது. நங்கூரச் சங்கிலிகள் அறுந்தன. மறுநாள் விடியலில் வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவின் பாறைகளில் மோதிக் கப்பல் உடைந்தது. ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். பிழைத்தவர்கள் நாற்பது பேர் அளவே. அந்த ஒரு புயலில் பிரிட்டனைச் சூழ்ந்த கடல்களில் 130-க்கும் மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. மொத்த உயிர்ச்சேதம் ஏறத்தாழ 800.

இதில் வேதனையான உண்மை ஒன்று உண்டு. புயல் திடீரென்று வானிலிருந்து குதித்துவிடவில்லை. அது தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்து வந்தது. தென் கரையில் இருந்தவர்கள் அதை முன்னரே கண்டுவிட்டனர். தந்திக் கம்பிகளும் அப்போது இருந்தன. புயலைவிடத் தந்தி வேகமானது. ஆயினும் தெற்கே கண்டதை வடக்கே சொல்வதற்கு ஓர் ஏற்பாடு மட்டும் இல்லை.

கூம்பும் உருளையும்

அந்த ஏற்பாட்டைச் செய்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். இவர் பெயரை மாணவர்கள் வேறோர் இடத்தில் கேட்டிருக்கலாம். சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றி வந்த ‘பீகிள்’ கப்பலின் தலைவர் இவரே. காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை எண்களால் குறிக்கும் பியூஃபோர்ட் அளவுமுறையை அதிகாரபூர்வமாகக் கையாண்ட முதற் பயணமும் பீகிளின் அந்தப் பயணந்தான்.

1854-இல் பிரிட்டிஷ் வாணிபக் குழு ஒரு சிறிய வானிலைத் துறையை அமைத்து, அதை ஃபிட்ஸ்ராயிடம் ஒப்படைத்தது. ‘ராயல் சார்ட்டர்’ விபத்துக்குப் பின் அவர் கரையோரமாகப் பதினைந்து நிலையங்களை ஏற்படுத்தினார். அவை நாள்தோறும் காற்றழுத்தம், காற்றின் திசை, வெப்பநிலை ஆகியவற்றைத் தந்தி மூலம் இலண்டனுக்கு அனுப்பின. புயலின் அறிகுறி தெரிந்தால் இலண்டனிலிருந்து துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கும். உடனே அங்கே கம்பத்தில் கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் அடையாளங்கள் ஏற்றப்படும். 1861 பிப்ரவரியில் முதல் எச்சரிக்கை சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் ‘தி டைம்ஸ்’ நாளேட்டில் பொதுமக்களுக்கான வானிலை முன்னறிவிப்பு முதன்முதலாக வெளிவந்தது.

சென்னையிலும் நாகையிலும் கடலூரிலும் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்ற செய்தியை நாம் மழைக்காலந்தோறும் படிக்கிறோம் அல்லவா? கம்பத்தில் அடையாளம் ஏற்றிக் கப்பல்களை எச்சரிக்கும் அந்த முறைக்கு ஃபிட்ஸ்ராயின் கூம்பும் உருளையும் மூத்த உறவு.

ஆனால் அவருக்குக் கிடைத்தது பாராட்டு மட்டுமன்று. முன்னறிவிப்பு பொய்த்த நாள்களில் ஏளனம் எழுந்தது. எச்சரிக்கை ஏறினால் மீனவர்கள் கடலுக்குப் போக மறுத்தனர். அதனால் வருவாய் இழந்த படகு முதலாளிகள் வெகுண்டனர். அறிவியலாரிலும் சிலர் இதை வெறும் ஊகம் என்றனர். உடல்நலம் குன்றி, கைப்பொருளும் கரைந்து, மனம் சோர்ந்திருந்த ஃபிட்ஸ்ராய் 1865 ஏப்ரல் 30-ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 59. மறு ஆண்டு எச்சரிக்கை முறை நிறுத்தப்பட்டது. கடலோரத்து மக்கள் சும்மா இருக்கவில்லை. எச்சரிக்கை தங்களுக்குத் தேவை என்று வற்புறுத்தினார்கள். 1867-இல் அது மீண்டும் வந்தது. செய்தித்தாள்களில் முன்னறிவிப்பு திரும்ப வர 1879 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வானொலி வந்தது

கம்பத்தில் ஏற்றிய கூம்பு, துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குத்தான் தெரியும். நடுக்கடலில் இருப்பவருக்கு யார் சொல்வது? இந்தக் குறையைத் தீர்க்க வானொலி வந்தது. 1924-இல் பிரிட்டனின் வானூர்தி அமைச்சகம் கப்பல்களுக்கான வானிலைச் செய்தியைக் கம்பியில்லாத் தந்தி மூலம் அனுப்பத் தொடங்கியது. அப்போது கடற்பரப்பு 13 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1925-இல் பி.பி.சி.யின் டாவென்ட்ரி நிலையம் அதை மனிதக் குரலில், நெட்டலையில் ஒலிபரப்பத் தொடங்கியது.

இங்கே நெட்டலையைப் பற்றி ஒரு சொல். வானொலி அலைகள் நீளமாக ஆக ஆகப் பூமியின் வளைவைத் தழுவிக்கொண்டு செல்லும் இயல்பு மிகும். 1,500 மீட்டர் நீளமுள்ள அலைகள் மலைகளையும் அடிவானத்தையும் மதியாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்று சேரும். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடலின்மேல் அவை இன்னும் தொலைவு போகும். விலை குறைந்த சிறு பெட்டி ஒன்று இருந்தால் போதும், மீன்பிடிப் படகிலும் கேட்கலாம். அதனால்தான் இந்த அறிக்கை நெட்டலையை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. 1978 நவம்பரில் அந்த அலைவரிசை பி.பி.சி.யின் ‘ரேடியோ 2’-இலிருந்து ‘ரேடியோ 4’-க்கு மாறியபோது, அறிக்கையும் அதனுடனே இடம் மாறியது.

இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒலிபரப்பு நிறுத்தப்பட்டிருந்தது. காற்றும் மழையும் எதிரிக்கும் பயன்படும் செய்திகள் அல்லவா! போர் முடிந்தபின் அது மீண்டும் தொடங்கியது. கடற்பகுதிகளின் எண்ணிக்கையும் படிப்படியாகக் கூடி, 1984 முதல் 31 ஆயிற்று.

350 சொற்களில் ஒரு கடல்

இனி அறிக்கையின் அமைப்பைக் காண்போம். நமது கேள்விக்கான விடையில் பாதி இதில்தான் இருக்கிறது.

முதலில் பெருங்காற்று எச்சரிக்கை உள்ள பகுதிகள். அடுத்துக் காற்றழுத்த நிலையின் பொதுச் சுருக்கம். பிறகு வடக்கே நார்வேக்கு அருகிலுள்ள வைக்கிங் பகுதியில் தொடங்கி, கடிகார முள் சுற்றும் திசையில் பிரிட்டனை வலம்வந்து, ஒவ்வொரு பகுதியாகக் காற்று, கடலின் நிலை, வானிலை, பார்வைத் தொலைவு என்று இதே வரிசையில் சொல்வார்கள். டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட், ஹம்பர், தேம்ஸ், டோவர், வைட் என்று பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஃபார்ட்டீஸ் என்றொரு பகுதி உண்டு. ‘நாற்பதுகள்’ என்பது அதன் பொருள். நம் மீனவர்கள் கடலின் ஆழத்தைப் ‘பாகம்’ என்று அளப்பார்கள். ஒரு பாகம் சுமார் ஆறடி. அந்தப் பகுதியில் பெரும்பாலும் நாற்பது பாகம் ஆழம் இருப்பதால் அந்தப் பெயர்.

முழு அறிக்கையும் 350 சொற்களுக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. இரவு அறிக்கையில் டிரஃபால்கர் என்னும் பகுதியும் சேர்வதால் அதற்கு மட்டும் 380 சொற்கள். இடம் குறைவாகையால் ஒவ்வொரு சொல்லுக்கும் அளந்து வைத்த பொருள் உண்டு. பெருங்காற்று ‘உடனடி’ என்றால் ஆறு மணி நேரத்துக்குள், ‘விரைவில்’ என்றால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், ‘பின்னர்’ என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அப்பால் என்று பொருள். காற்று வலமாகத் திரும்புவதற்கு ஒரு சொல், இடமாகத் திரும்புவதற்கு ஒரு சொல். பார்வை ‘நன்று’ என்றால் ஐந்து கடல் மைலுக்கு மேல் தெரியும். காற்று 8-ஆம் எண் என்றால் மணிக்கு 34 முதல் 40 கடல் மைல் வேகம்.

இதை வாசிப்பவர் நிதானமாக, ஏற்ற இறக்கம் அதிகம் இன்றி வாசிக்க வேண்டும். ஆடும் படகில் ஒருவர் பென்சிலும் தாளுமாக அமர்ந்து எழுதிக்கொண்டிருப்பார் என்பதை அவர் மறக்கலாகாது. பரபரப்பு, அழுத்தம், நாடகப் பாங்கு எதற்கும் அங்கே இடமில்லை. கடும்புயலும் இளங்காற்றும் ஒரே குரலில்தான் வரும்.

இரவு அறிக்கைக்கு முன்னால் ‘செயிலிங் பை’ என்னும் மெல்லிய இசை ஒலிக்கும். ரொனால்ட் பிஞ்ச் என்பவர் 1963-இல் அமைத்த இசை அது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து வானொலியில் இந்த இடத்தைப் பெற்றது. அதன் வேலை தாலாட்டுவது அன்று. முன் நிகழ்ச்சி சற்று முன்பின்னாக முடிந்தாலும் அறிக்கை குறித்த நேரத்தில் தொடங்க அது இடைவெளியை நிரப்பும். வானொலிப் பெட்டியைத் திருகி நிலையத்தைத் தேடும் மாலுமிக்கு ‘இதுதான், இங்கேயே நில்’ என்று அடையாளமும் காட்டும்.

கரையில் கேட்டவர்கள்

ஆக, இதில் எதுவும் தூக்கத்துக்காகச் செய்யப்பட்டதன்று. ஆனால் வானொலி அலைக்குக் கடல் எது, கரை எது என்று தெரியாது. கரையில் படுக்கையறைகளிலும் அது கேட்டது. அங்கிருந்தவர்களுக்குப் பெயர்களின் வரிசையும் மாறாத குரலும் மெல்லிசையும் பழகிப் போயின. பழக்கம் பற்றாயிற்று.

அந்தப் பற்று எத்தகையது என்பதை 1995-இல் பி.பி.சி. அறிந்துகொண்டது. இரவு அறிக்கையைப் பன்னிரண்டே நிமிடம் தள்ளி வைக்க அது திட்டமிட்டது. செய்தித்தாள்களில் எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்றத்திலும் பேச்சு எழுந்தது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது.

காதுக்கு இமை இல்லை

கண்ணை மூடிக்கொள்ளலாம். காதை மூட இயற்கை இமை எதுவும் தரவில்லை. உறங்கும்போதும் ஒலி செவிப்பறையைத் தொடுகிறது, நரம்பு வழியே மூளைக்குச் செல்கிறது. அப்படியானால் உறக்கத்தில் நாம் கேட்கிறோமா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு விடை காணும் கருவியைத் தந்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். மனித மூளையில் எழும் நுண்ணிய மின்னலைகளை மண்டையோட்டின் மேலிருந்தே பதிவு செய்யலாம் என்பதை 1929-இல் அவர் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக விழித்திருக்கும்போது நொடிக்கு 8 முதல் 13 வரை அலைகள் எழும். இவற்றை ஆல்ஃபா அலைகள் என்பர். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது அவை மறைந்து மெதுவான அலைகள் தோன்றும். ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு நான்குக்கும் குறைவான பெரிய அலைகள் எழும். 1930-களில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லூமிஸ் குழுவினர் இவ்வாறு உறக்கத்தைப் படிகளாகப் பிரித்தனர். உறங்குபவர் அருகே ஒலி எழுப்பினால், அவர் விழிக்காவிட்டாலும் மூளைப் பதிவில் ஒரு பெரிய அலை துள்ளி எழுவதையும் அவர்கள் கண்டனர். அதற்குக் ‘கே’ அலைத்தொகுதி என்று பெயர்.

1960-இல் இயன் ஆஸ்வால்ட் என்னும் ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்தனர். உறங்குவோருக்குப் பெயர்கள் பலவற்றை ஒலிநாடாவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துக் காட்டினர். பிறர் பெயர்கள் வந்தபோது மூளையில் மறுமொழி குறைவு. உறங்குபவரின் சொந்தப் பெயர் வந்தபோது அது மிகுதி. பெயர்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே உரப்பில்தான் ஒலித்தன. வேறுபட்டது பொருள் ஒன்றே.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு கிளையைச் சேர்த்தது. உறக்கத்தில் பழகிய குரலைவிடப் பழகாத குரலுக்கே மூளை மிகுதியாக மறுமொழி தந்தது. அந்நியக் குரல் என்றால் ஆபத்தாக இருக்கலாம், ஆகவே சற்றுக் கவனிக்க வேண்டும் என்பது போல!

ஆக, மூளை உறங்கும்போதும் வாசலில் ஒரு காவற்காரனை நிறுத்தி வைத்திருக்கிறது. அவன் எல்லா ஒலிக்கும் கதவைத் தட்டுவதில்லை. தெரிந்தவர் போனால் விட்டுவிடுவான். தெரியாதவர் வந்தாலோ வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னாலோதான் தட்டுவான். இடி இடித்தாலும் எழாத தாய், குழந்தை சிணுங்கினால் எழுந்துகொள்கிறாள் என்பது நம் வீடுகளில் காணும் காட்சிதானே.

இப்போது அந்த வானிலை அறிக்கைக்கு வருவோம். டாகர் பகுதியில் வலை விரித்திருக்கும் மீனவருக்கு ‘டாகர்’ என்னும் சொல் அவரைப் பெயர் சொல்லி அழைப்பது போன்றது. அடுத்து வரும் எண் 5-ஆ 9-ஆ என்பதில் அவருடைய உயிர் இருக்கிறது. பர்மிங்ஹாமில் போர்வைக்குள் படுத்திருப்பவருக்கோ அது பழகிய குரலில் வரும் யாரோ ஒருவரின் செய்தி. அவருடைய காவற்காரன் அதைத் தலையசைத்து உள்ளே விட்டுவிடுகிறான்.

வெறும் மௌனம் போதாதா?

ஒலி தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்கும் காரணம் விளங்கியது. ஆனால் தூக்கத்துக்கு அது உதவி செய்வது எப்படி? மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, மறைப்பு. அமைதியான அறையில் கதவு கிறீச்சிட்டால் திடுக்கிடுகிறோம். மின்விசிறி ஓடும் அறையில் அதே கிறீச்சொலி எடுபடுவதில்லை. உறக்கத்தைக் கலைப்பது பெரும்பாலும் ஒலியின் திடீர் மாற்றம். சீரான ஒலி அந்த மாற்றத்தை மழுங்கச் செய்கிறது. இலண்டன் மருத்துவமனை ஒன்றில் பிறந்த குழந்தைகள் 40 பேரை வைத்து நடத்திய ஆய்வு 1990-இல் வெளிவந்தது. சீரான இரைச்சலைக் கேட்ட 20 குழந்தைகளில் 16 குழந்தைகள் ஐந்து நிமிடத்துக்குள் உறங்கின. கேட்காத 20-இல் ஐந்து குழந்தைகளே அவ்வாறு உறங்கின.

இரண்டாவது, மனத்தின் வாயை அடைப்பது. படுத்தவுடன் நாளைய கவலையும் நேற்றைய பேச்சும் நம் உள்ளே உரையாடத் தொடங்குகின்றன. ‘நினைக்காதே’ என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. அதற்கு வேறொரு சிறு வேலை கொடுக்க வேண்டும். தூக்கமின்மையால் துன்புற்ற 41 பேரிடம் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இனிய காட்சி ஒன்றை மனத்தில் விரித்துப் பார்க்கச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட விரைவில் உறங்கியதாகக் கூறினர். வானிலை அறிக்கையும் இத்தகைய சிறு வேலையைத் தருகிறது. ஒவ்வொரு பெயரும் ஒரு கடல், ஒரு கரை, ஒரு கலங்கரை விளக்கம் என மங்கலான படம் ஒன்றைக் காட்டிவிட்டு மறைகிறது. கதையாக இருந்தால் ‘அடுத்து என்ன?’ என்று மனம் விழித்துக்கொள்ளும். இங்கே அடுத்து என்ன என்பது எப்போதோ தெரிந்த செய்தி.

மூன்றாவது, பழக்கம். நாயின் முன் மணியடித்துவிட்டு உணவு வைத்துக்கொண்டே வந்தால், பிறகு மணியோசைக்கே அதன் வாயில் நீர் ஊறும் என்று பாவ்லவ் காட்டியதை நாம் படித்திருக்கிறோம். படுக்கையைத் தூக்கத்தோடு மட்டும் இணைத்துப் பழக்குவதன் மூலம் தூக்கமின்மையைக் குணப்படுத்தலாம் என்று 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்னும் அமெரிக்க உளவியலார் ஒரு முறையை வகுத்தார். அம்முறை இன்றும் கையாளப்படுகிறது. நாள்தோறும் ஒரே நேரத்தில், விளக்கணைத்த பின், ஒரே இசை ஒலித்தால் அதுவும் தூக்கத்தின் மணியாகிவிடும்.

உறக்கத்தில் பாடம் படிக்கலாமா?

உறக்கத்திலும் காது வேலை செய்கிறது என்று கேட்டவுடன் மாணவர்கள் சிலருக்கு ஓர் ஆசை பிறக்கும். பாடத்தைப் பதிவு செய்து தலையணை அருகே ஓடவிட்டால் என்ன? இந்த ஆசை புதிதன்று. ஒலிநாடா பரவிய 1950-களில் அமெரிக்காவில் இதற்கெனக் கருவிகள் விற்பனைக்கே வந்தன.

சார்லஸ் சைமன், வில்லியம் எம்மன்ஸ் என்னும் இருவர் இதைச் சோதித்து 1956-இல் முடிவை வெளியிட்டனர். 21 பேருக்கு இரவு முழுதும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக 96 வினாக்களையும் விடைகளையும் ஒலிக்கச் செய்தனர். கூடவே மூளை அலைகளையும் பதிவு செய்தனர். காலையில் நினைவிருந்தவை, ஆல்ஃபா அலைகள் தெரிந்த நேரத்தில், அதாவது உண்மையில் விழித்திருந்த நேரத்தில், கேட்டவையே. மெய்யான உறக்கத்தில் கேட்ட விடைகள் நினைவில் தங்கவில்லை. காவற்காரன் கேட்கிறான். ஆனால் கணக்கேட்டில் எழுதுவதில்லை. பாடத்தை விழித்திருந்து படியுங்கள். படித்தது மனத்தில் பதிய உறக்கம் உதவும். அதைப் பாடத்தால் கெடுக்க வேண்டாம்.

மருந்துக்கும் அளவு உண்டு

ஒலியைத் துணைக்கு அழைப்போர் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும்.

தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு இசை பயன்படுமா என்பது பற்றி 2022 வரை நடந்த 13 சோதனைகளை, அவற்றில் பங்கேற்ற 1,007 பேரின் முடிவுகளோடு, காக்ரேன் அமைப்பினர் தொகுத்துப் பார்த்தனர். இசை கேட்டோர் தம் உறக்கத்தின் தரம் மேம்பட்டதாகக் கூறினர். ஆயினும் எல்லா இசையும் ஒன்றன்று. மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பிரபலமான பாட்டின் மெட்டு, பாட்டு நின்ற பிறகும் தலைக்குள் சுழன்று உறக்கத்தைக் கெடுப்பதை அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் காட்டினர். சொற்களை நீக்கி வெறும் மெட்டாகக் கேட்டால் தொல்லை குறையவில்லை, கூடியது.

அடுத்தது உரப்பு. குழந்தைகளுக்கெனக் கடைகளில் விற்கும் 14 இரைச்சல் கருவிகளைக் கனடாவின் டொராண்டோ நகர மருத்துவர்கள் அளந்து 2014-இல் வெளியிட்டனர். முழு உரப்பில், 30 செ.மீ. தொலைவில், மூன்று கருவிகள் 85 டெசிபெலைத் தாண்டின. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் கேட்டால் பெரியவர்களின் காதையே பாதிக்கக்கூடிய அளவு அது. ஆகவே ஒலிக்கும் கருவி தொட்டிலிலிருந்து தள்ளியே இருக்கட்டும். ஒலி தாழ்ந்தே இருக்கட்டும். குழந்தை உறங்கியதும் நிறுத்திவிடுவது நல்லது. பெரியவர்களும் காதில் செருகியபடியே இரவு முழுதும் உறங்குவதைவிட, குறித்த நேரத்தில் தானே நின்றுவிடும்படி அமைத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை என்றால் ஒலியை நம்பி இராமல் மருத்துவரைக் காண வேண்டும்.

வரைபடத்தில் ஒரு பெயர்

இன்று கப்பல்களுக்கு வானிலைச் செய்தி வேறு வழிகளிலும் கிடைக்கிறது. செயற்கைக்கோள் உண்டு, எழுத்தாக அச்சிட்டுத் தரும் கருவியும் உண்டு. 2024-இல் பி.பி.சி. நெட்டலைக்கென்று தனி நிகழ்ச்சி நடத்துவதை நிறுத்தியபோது, கப்பல் அறிக்கையின் ஒலிபரப்புகளும் குறைந்தன. நள்ளிரவு அறிக்கை தொடர்ந்தது. கடலில் அதன் தேவை குறையலாம். கரையில் அதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது.

அந்தக் கூட்டம் கேட்கும் பெயர்களில் ஒன்று 2002-இல் மாறியது. ஸ்பெயினுக்கு வடமேற்கே இருந்த ‘ஃபினிஸ்டேர்’ என்னும் பகுதியின் பெயர், ஸ்பானியர்கள் அதே பெயரில் அழைக்கும் வேறொரு சிறு பகுதியோடு குழப்பம் தந்தது. புதுப்பெயர் தேவைப்பட்டது. ‘ஃபிட்ஸ்ராய்’ என்று வைத்தார்கள். 31 பகுதிகளில் ஒரு மனிதரின் நினைவாகப் பெயர் பெற்றது அது ஒன்றே.

தம் எச்சரிக்கை உயிர்களைக் காக்கும் என்று நம்பி, அதற்காக ஏளனம் பெற்று, மனமுடைந்து மாண்டவர் அவர். இன்று ஒவ்வோர் இரவும் அவருடைய பெயர் வானொலியில் வருகிறது. அந்தக் கடற்பகுதியில் இருக்கும் மாலுமி அதைக் கேட்டதும் பென்சிலை எடுக்கிறார். கரையில் இருப்பவர்களில் பலர் அதற்குள் உறங்கிவிட்டிருப்பார்கள். கடலின் ஆபத்தை யாரோ ஒருவர் விழித்திருந்து கவனித்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அந்த உறக்கமும் வருகிறது. அந்த வேலையை முதன்முதலில் தொடங்கி வைத்தவர் ஃபிட்ஸ்ராய்.